குரைச்சதெல்லாம் யானை இல்ல, மாப்ள

மோட்டார் ரூமுல நீ மாட்டிக் குடுத்த தொடுதிரை அமோகம், மாப்ள. தொட்டா வால்வு தெறக்குது. தொடாட்டியும் என்னத்தையோ கெனாக் கண்டு முழிச்சுக்கிட்டே கெடக்கு. திராட்சைக்கு ஒரு சொட்டு பாயுறதுக்குள்ள ஒன் லாக்கு ஃபைலு ரொம்பி வழியுது. சொட்டுநீர்னு சொல்லித்தானே மானியம் வாங்குனோம்?

நான் என்னத்தக் கண்டேன், பன்னீர்த் திராட்சைக்குப் பந்தல் போடத் தெரிஞ்சவன். போன தடவை நீ லேப்டாப்பை வச்சுட்டுப் போயிட்ட. கவாத்து முடிஞ்சு சும்மா கெடந்த நேரம், லினக்ஸ் கர்னலுக்குள்ள கொஞ்சம் மேய்ஞ்சேன். படிச்ச புள்ளைக எழுதுறதோட சரி, வாசிக்க மாட்டீக. அதான் நான் வாசிச்சேன்.

நீ போட்டிருக்கது கூடிக்ஸ் ஜிடி911 சில்லு. வெரல் பட்டா இன்டரப்ட் கம்பியில ஒரு தட்டுத் தட்டும். ப்ராசஸர் செஞ்ச வேலைய விட்டுட்டு ஓடியாந்து 814ஈ-ங்கிற ரிஜிஸ்டரை வாசிக்கணும். அந்த ஒத்த பைட்டுல மேல் பிட்டு ஒண்ணா இருந்தா சேதி தயார். கீழ் நாலு பிட்டு எத்தனை வெரல்னு சொல்லும். வாசிச்சு முடிச்சதும் அதே எடத்துல பூஜ்யம் எழுதணும். எழுதாட்டி, இவன் இன்னும் வாங்கிக்கலைன்னு சில்லு திரும்பத் தட்டும். அந்தப் பூஜ்யத்தை மறந்துட்டு சில்லு மேல பழி போடுற கூட்டம் ஒண்ணு இருக்கு. அதுல நீ இல்ல, சந்தோசம்.

ஆனா, "மாமா, வெரலை எடுத்த பெறகும் இன்டரப்ட் வருது, போயிப் பாத்தா ஒண்ணுமில்ல"ன்னு என்னமோ நீதான் மொதல்ல கண்டுபிடிச்ச கணக்கா சொல்ற பாரு! கர்னல்ல இருக்க கூடிக்ஸ் ட்ரைவர் ஃபைலுலயே கமெண்டு எழுதி வச்சிருக்காங்க: வெரலைத் தூக்குன பெறகு இந்தப் பேனல் வெட்டி இன்டரப்ட் அனுப்பும், காத்திருந்தா நேரந்தான் தீரும்னு. அந்த ட்ரைவர் என்ன பண்ணுது? ஒண்ணு ரெண்டு மில்லிசெகண்டுக்கு ஒருக்கா எட்டிப் பாக்குது, 20 மில்லிசெகண்டு வரைக்கும். மேல் பிட்டு வரலையா, பூஜ்யத்தை எழுதிட்டு வாயத் தொறக்காமத் திரும்பிருது. எர்ரரும் இல்ல, ஒப்பாரியும் இல்ல. நீ ஒவ்வொரு தட்டுக்கும் 'ரீட் ஃபெயில்டு'ன்னு எழுதுற. கையெழுத்து அழகா இருக்குன்னா?

2023 மே கடைசியில அரிக்கொம்பன் யானை கம்பம் டவுனுக்குள்ள பூந்து 144 போட்டாங்களே, ஞாபகம் இருக்கா? ஜூன் 5 மயக்க ஊசி போட்டுப் பிடிச்சு, களக்காடு முண்டந்துறைக் காட்டுக்குக் கொண்டு போனாங்க. அது போன பெறகும் நம்ம தோட்டத்து நாயி ராத்திரி குரைக்கத்தான் செஞ்சுச்சு. நான் எந்திரிச்சு டார்ச் அடிச்சுப் பாப்பேன், ஒண்ணுமில்லைன்னா படுத்துருவேன். ஒங்கத்தை மட்டும் ஒவ்வொரு குரைப்புக்கும் தெருவையே எழுப்புனா. அவ அண்ணன் மகந்தானே நீ, கோடு வேற எப்பிடி இருக்கும்?

அதுக்காக நாயோட வாயக் கட்டிர்றேன்னு இன்டரப்டையே டிஸேபிள் பண்ணுனியே, அன்னைக்கு வால்வைக் கையால திருகுனது யாரு? நாந்தான்.

இன்னொரு கூத்து. மண் ஈர சென்சாரையும் அதே கம்பியில கோத்திருக்க. ரெண்டு பேரு ஒரே கம்பியில இருந்தா, தட்டுனது நம்ம ஆளு இல்லைன்னா 'நன்'னு பதில் குடுக்கணும். நீ எதுக்கெடுத்தாலும் 'ஹேண்டில்டு'ங்கிற. கூடிக்ஸ் ட்ரைவரும் அப்பிடித்தானே சொல்லுதுன்னு மடக்குவ. அது தனிக் கம்பின்னு நெனச்சு எழுதுனது, ஒன் நெலமை வேற. கர்னல் கணக்கு வைக்கும், மாப்ள. ஒரு லட்சம் இன்டரப்ட்டுல 99,900-க்கு மேல யாரும் என்னோடதுன்னு சொல்லலைன்னா, 'நோபடி கேர்டு'ன்னு ஒரு வரி எழுதிட்டு அந்தக் கம்பியையே மூடிரும். அதுவும் நெருக்கி நெருக்கி வந்தாத்தான். ஒரு வெட்டித் தட்டுக்கும் அடுத்ததுக்கும் நடுவுல செகண்டுல பத்துல ஒரு பங்குக்கு மேல இடைவெளி விழுந்தா, மொதல்ல இருந்து எண்ணும். அம்புட்டுப் பொறுமை. நீ பொய்யா 'ஹேண்டில்டு' போட்டா அந்தக் கணக்குல ஒண்ணுமே ஏறாது. கம்பி சிக்கிக்கிட்டு விடாமத் தட்டுனாலும், நீ ஒழைச்சுக்கிட்டு இருக்கன்னு நம்பும். பெட்டி சூடேறும். பாக்காத வேலைக்குப் பாத்தேன்னு கையெழுத்துப் போட ஒனக்கு ஆபீசு இருக்குல்ல, எங்க மோட்டார் ரூமு எதுக்கு?

போர்டோ கலவை கலக்குன ஈரக் கையோட ஒங்கத்தை தொட்டு வேற வால்வு தெறந்துச்சே, அது வேற வியாதி. அங்க மேல் பிட்டு ஒண்ணாத்தான் இருக்கும். சேதியும் இருக்கும், ஆனா பொய்ச் சேதி. இங்க சேதியே கெடையாது. ரெண்டையும் ஒரே 'இஃப்'புக்குள்ள போட்டு அடைக்காத.

வெட்டித் தட்டு அளவுக்கு மிஞ்சிப் போனா ட்ரைவரை விட்டுட்டுக் கம்பியப் பாரு. மோட்டார் கேபிளையும் திரைக் கேபிளையும் ஒரே பைப்புக்குள்ள விட்டிருக்க. எர்த்து சரியா இருக்கா? எந்த விளிம்புல தட்டணும்னு சில்லோட கான்ஃபிக்ல ஒண்ணும் ஒன் டிவைஸ் ட்ரீயில வேற ஒண்ணும் கெடக்கா? ரீசெட் ஆகுறப்ப இந்தச் சில்லு இன்டரப்ட் பின்னைப் பாத்துத்தான் தன் விலாசத்தை முடிவு பண்ணும்: தாழ இருந்தா 5டி, ஒசர இருந்தா 14. அதுக்காக நீ பின்னை அவுட்புட்டா வச்சுப் பிடிச்ச, சரி. பெறகு இன்புட்டா மாத்தி விட்டியா? தலையச் சொறியாத, விடை கெடைச்சிருச்சு.

இப்பப் போயி மண் ஈர சென்சாரைக் கழட்டிட்டு, மோட்டாரை நிறுத்தி வச்சு, ப்ராக் இன்டரப்ட்ஸ்ல இருக்க நம்பரைக் குறிச்சுக்க. திரையத் தொடாத. மோட்டாரைப் போட்டுட்டு மறுபடி குறி. தொடாமலே ஏறுனா கோளாறு கம்பியில. தொட்டு எடுத்தப்ப மட்டும் ஒண்ணு ரெண்டு கூடுனா அது பேனலோட கொணம், விட்டுத்தள்ளு. மும்முனைக் கரண்டு போறதுக்குள்ள பாத்துரு. போயிருச்சுன்னா வீட்டுக்குப் போயி அத்தைகிட்டக் காப்பித்தண்ணி வாங்கிக் குடி, வரும்போது எனக்கும் ஒரு சொம்பு கொண்டா.