ஓய்வுக்கும் ரோல்கால்

நான் போலீஸில் சேர்ந்த 1989-ல் மன அழுத்தம் என்ற வியாதி எங்கள் ஸ்டேஷன் பக்கம் வந்திருக்கவில்லை. சர்க்கரை வந்திருந்தது, மூலம் வந்திருந்தது. ரத்தக்கொதிப்பு, ஏட்டு பதவியோடு சேர்ந்தே வரும். தூக்கம் வரவில்லை என்று யாராவது சொன்னால், "அப்ப ராத்திரி பாரா நீயே பாரு" என்பார் ஸ்டேஷன் ரைட்டர். வைத்தியம் முடிந்தது.

லீவு கேட்டாலும் கிடைக்காது. ஆனால் அதே ரைட்டருக்கு ஒரு வழி தெரியும். என் மனைவிக்குப் பிரசவமான செய்தி வந்தபோது, லீவு மனுவைத் திரும்பிக்கூடப் பார்க்காமல், "உன் மாமியார் ஊர்ப் பக்கம் ஒரு சம்மன் கிடக்கு. டூட்டி பாஸ்போர்ட் எழுதித் தர்றேன், உரியவர்கிட்ட சார்பு பண்ணிட்டு வா" என்றார். மூத்த மகளின் முகத்தை நான் முதலில் பார்த்தது அரசாங்க அலுவலில்தான். பயணப்படியும் கிடைத்தது.

அதற்காக அந்தக் காலம் பொற்காலம் என்று எண்ண வேண்டாம். அதிகாரிகளின் வீட்டு வேலைக்குக் காவலர்களை வைக்கும் ஆர்டர்லி முறையை 1979-லேயே அரசு ஒழித்துவிட்டது. அந்தச் சேதி எங்கள் பக்கம் வந்து சேராததால், பிறகும் பல வருடம் ஒரு பெரிய அதிகாரியின் வீட்டு நாயைக் காலையும் மாலையும் நடத்திக்கொண்டு போனேன். 2022-ல் உயர் நீதிமன்றம் மறுபடி கண்டித்தபோதுதான், ஒழித்தது இன்னும் உயிரோடு இருப்பது ஊருக்குத் தெரிந்தது. அந்த நாய்க்கு உடம்பு சரியில்லை என்றால் டாக்டர் வீட்டுக்கே வருவார். எனக்கு மதுக்கடைதான். குடித்தே போய்ச் சேர்ந்த சகாக்களின் இறப்புக் காரணம் எந்தக் கோப்பிலும் அப்படி எழுதப்படவில்லை.

இப்போது அக்கா மகன் காவலராக இருக்கிறான். 2018-ல் பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் உதவியோடு நல்வாழ்வுப் பயிற்சி வந்தது. 2021-ல் தலைமைக் காவலர் வரைக்கும் வார ஓய்வுக்கு அரசாணை. பிறந்தநாளுக்கும் திருமண நாளுக்கும்கூட லீவு. கேட்கவே வயிறு குளிர்ந்தது, கொஞ்சம் எரியவும் செய்தது.

போன மாதம் நைட் ரவுண்ட்ஸ் முடித்து வந்தவனை, வீட்டுக்குக்கூட விடாமல் யோகா வகுப்புக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஆறு மணிக்கு ரோல்கால். வராதவர்களுக்கு மெமோ. சவாசனத்தில் பாதிப் பேர் குறட்டை விட, பயிற்சியாளர் நெகிழ்ந்துபோய், இவ்வளவு சீக்கிரம் ஆழ்நிலைக்குப் போன அணியைத் தான் பார்த்ததே இல்லை என்றாராம்.

பிறகு மனநிலை பற்றி ஒரு படிவம். ஐம்பது பேருடையதையும் ஒரே பேனாவில் அவர்கள் ஸ்டேஷன் ரைட்டரே நிரப்பிவிட்டார். எல்லோரும் "மிக்க மகிழ்ச்சி".

"உன் வார ஓய்வு என்னாச்சு மாப்ள?" என்று போனில் கேட்டேன்.

"ரிஜிஸ்டர்ல நான் இப்ப ரெஸ்ட்லதான் மாமா இருக்கேன். மைக்ல கூப்பிடுறாங்க, மந்திரி கான்வாய் வருது, வைக்கிறேன்."