பின்சீட்டில் ஒரு பாடம்

மருத்துவம், செவிலியம், மருந்தியல், இயன்முறை மாணவர்கள் சேர்ந்து படித்தால்தான் பின்னாளில் சேர்ந்து வேலை பார்ப்பார்கள் என்று உலக சுகாதார நிறுவனம் 1988இலேயே சொன்னது. சுவீடனின் லின்ஷோப்பிங் பல்கலைக்கழகம் அதற்கும் முன்பே, 1986இல், அப்படிச் சேர்த்துப் படிக்கவைக்கத் தொடங்கிவிட்டது. நாம் அவசரப்படவில்லை.

இங்கே இந்தியாவில் செவிலியருக்கு 1947இல் ஒரு சட்டம் வந்தது, மருந்தாளுநருக்கு 1948இல் ஒன்று, டாக்டருக்கு 2019இல் ஒன்று. ஆளுக்கொரு கவுன்சில் அல்லது ஆணையம், ஆளுக்கொரு பாடத்திட்டம். ஒரே மதிற்சுவருக்குள் இருந்தாலும் எல்லோரும் பொதுவாகப் படிப்பது கேன்டீன் விலைப்பட்டியலை மட்டும்தான். (அதில் கருத்து ஒற்றுமையும் உண்டு.)

ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு வரும் சர்க்கரை நோயாளிப் பாட்டிக்கு இந்தச் சட்டமெல்லாம் தெரியாது. "மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாடியா, பின்னாடியா கண்ணு?" என்பார். டாக்டர் ஒன்று எழுதுவார், மருந்து தருபவர் ஒன்று சொல்வார். பாட்டி வீட்டில் உண்மையில் என்ன செய்கிறார் என்பது கிராம சுகாதாரச் செவிலியருக்குத்தான் தெரியும். அவரை யாரும் கேட்பதில்லை.

கவுன்சில், ஆணையப் பெரியவர்களே, மாநாடெல்லாம் வேண்டாம். எம்.பி.பி.எஸ். மாணவரை ஒரு வாரம் அந்தச் செவிலியரின் ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்புங்கள். பின்சீட்டில்.