பஜிரோவும் நோன்பும்

கேள்வி: என்னுடைய பழைய பஜிரோ லீற்றருக்கு ஆறு கிலோமீற்றர்தான் ஓடுகிறது. டீசலை மிச்சம் பிடிக்க வழி உண்டா?
– வாசகர் ஒருவர், அட்டாளைச்சேனை

பதில்: இரண்டு தொன் இரும்பை இழுக்கிற வாகனத்தை நோன்பு பிடிக்கச் சொல்கிறீர்கள்! முதலில் தேர்மோஸ்டட் இருக்கிறதா என்று பாருங்கள். எஞ்சின் சூடேறும் என்று பயந்து அதைக் கழற்றி எறிகிற கராஜ்கள் உண்டு. அது இல்லாவிட்டால் எஞ்சின் உரிய சூட்டுக்கு வராமல் கூடுதலாகக் குடிக்கும். ஓடி நிறுத்தியதும் நாலு சில்லுக்கருகிலும் கையைக் கொண்டுபோங்கள். ஒன்று மட்டும் கொதித்தால் பிரேக் ஒட்டிப் பிடிக்கிறது. எயார் பில்டர், டயர்க் காற்று நீங்கள் அறிந்தவைதான். கல்முனைக்குப் போய்வரக் கூரையில் கேரியர் எதற்கு? 2022இல் எரிபொருள் தட்டுப்பாட்டின்போது கியூஆர் அட்டைக்கு வாரம் 20 லீற்றர் கிடைத்த காலத்தில் எப்படி ஓட்டினீர்களோ, அப்படியே இப்போதும் ஓட்டுங்கள். இத்தனைக்குப் பிறகும் லீற்றருக்கு 15 கிலோமீற்றர் வேண்டுமென்றால், பஜிரோவை விற்றுவிடுங்கள்.