ஜீன் இருந்தால் ஜெயிக்கலாமா?

கேள்வி: எட்டாம் வகுப்புப் படிக்கும் என் மகனுக்கு 100 மீட்டர் ஓட்டத்தில் ஆசை. 'எச்சிலை அனுப்புங்கள், எந்த விளையாட்டு ஒத்துவரும் என்று சொல்கிறோம்' என்கிறார்களே, ஜீன் டெஸ்ட் எடுக்கலாமா?
– பெயர் வேண்டாம், கோவில்பட்டி

பதில்: அந்த எச்சிலில் அவர்கள் முக்கியமாகத் தேடுவது ஏசிடிஎன்3 என்ற ஜீனை. விருட்டென்று சுருங்கும் தசைநார்களில் இருக்கும் ஒரு புரதத்தைச் செய்வது இதன் வேலை. உலகில் சுமார் ஐந்தில் ஒருவருக்கு அந்தப் புரதம் அறவே கிடையாது. பாதகமில்லை, அவர்களும் பஸ்ஸைத் துரத்திப் பிடிக்கிறார்கள்!

2003-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பார்த்தபோது, ஒலிம்பிக் வரை போன குறுந்தூர ஓட்டக்காரர்கள் எல்லோரிடமும் அந்தப் புரதம் இருந்தது. உடனே சிலர் இந்த ஜீனுக்கு 'வேக ஜீன்' என்று பெயர் சூட்டி டெஸ்ட் விற்கக் கிளம்பிவிட்டார்கள். ஆனால் ஜமைக்காவில் சோதித்தால், பதக்கக்காரர்களிடம் எத்தனை பங்கு பேருக்கு இருக்கிறதோ, ஏறக்குறைய அதே பங்கு சாதாரண ஆட்களுக்கும் இருக்கிறது. அத்தனை பேரும் உசேன் போல்ட் ஆகிவிட்டார்களா என்ன? போதாததற்கு, ஸ்பெயினில் ஒரு நீளம் தாண்டும் வீரர். அந்தப் புரதம் துளியும் இல்லாமலே 8 மீட்டருக்கு மேல் தாண்டி ஒலிம்பிக்குக்கும் போய்விட்டார். ரிப்போர்ட்டை அவரிடம் யாரும் முன்கூட்டியே காட்டவில்லை போலிருக்கிறது.

தசை வலிமையில் பரம்பரைக்குப் பெரும்பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் அது ஏகப்பட்ட ஜீன்களின் கூட்டணி ஆட்சி. ஒற்றை ஜீனுக்கு அங்கே செல்வாக்கு குறைவு.

டெஸ்ட் காசில் பையனுக்கு நல்ல ஸ்பைக் ஷூ வாங்கிக் கொடுங்கள். வேகத்தை ஸ்டாப்வாட்ச் சொல்லும்.