எந்தப் பல்கலைக்கழகம் நல்லது?

கேள்வி: பன்னிரண்டாம் வகுப்பு முடித்த புதுச்சேரி மாணவர் சரியான பல்கலைக்கழகத்தை எவ்வாறு தேர்ந்தெடுப்பது?

பதில்: ஒரு பல்கலைக்கழகம் மாணவருக்குப் பாடம் நடத்தப் போகிறதா, பட்டம் மட்டும் வழங்கப் போகிறதா என்று அறிவதே முதல் வேலை. 1985-இல் நாடாளுமன்றச் சட்டத்தால் உருவாகி ஒன்றிய அரசின் நிதியில் இயங்குவதால் மத்தியப் பல்கலைக்கழகம் எனப்படும் புதுவைப் பல்கலைக்கழகம், காலாப்பட்டு வளாகத்தில் தானே பாடம் நடத்துவதோடு, இலாசுப்பேட்டை தாகூர் கலைக் கல்லூரி முதல் காரைக்கால், மாகே, ஏனாம் வரையுள்ள கல்லூரிகள் பலவற்றின் மாணவர்களுக்கும் பட்டம் அளிக்கிறது. இந்த உறவுக்கே இணைவு என்று பெயர். எனவே காலாப்பட்டில் படித்தவரின் சான்றிதழிலும் இலாசுப்பேட்டையில் படித்தவரின் சான்றிதழிலும் பல்கலைக்கழகப் பெயர் ஒன்றாகவே இருக்கும். அவர்களை உருவாக்கிய ஆசிரியர்களும் ஆய்வகங்களும் நூலகங்களும் வேறு வேறாக இருக்கும்.

வாசல்களும் வேறு. வளாகத்தின் இளநிலைப் படிப்புகளுக்குக் கியூட் என்னும் நாடு தழுவிய நுழைவுத் தேர்வு வேண்டும். புதுச்சேரி அரசுக் கல்லூரிகளுக்கோ சென்டாக் என்னும் ஒருங்கிணைந்த சேர்க்கைக் குழுவிடம் விண்ணப்பிக்க வேண்டும். இரண்டிலும் உரிய காலத்தில் விண்ணப்பித்து வைப்பவருக்கே தேர்ந்தெடுக்கும் உரிமை மிஞ்சும்.

அதன்பின், விரும்பும் துறையின் பாடத்திட்டத்தை இறுதியாண்டு வரை படித்துப் பார்ப்பதும், அங்கு மூன்றாம் ஆண்டு படிப்பவரிடம் வகுப்புகள் ஒழுங்காக நடக்கின்றனவா, ஆய்வகக் கருவிகள் கைக்குக் கிடைக்கின்றனவா என்று கேட்பதும் எந்தத் தரவரிசைப் பட்டியலைவிடவும் பயன் தரும். பல்கலைக்கழகத்தின் பெயர் நேர்காணல் அறையின் வாசல் வரை கூட வரும். உள்ளே மாணவருக்காகப் பேசப்போவது அவர் படித்த பாடமே.