சேற்றுக்குச் செலவு

சேற்றுப்பாதையில் மவுன்டன் பைக் ஓட்ட மலிவு டயர் தேடுபவர்களுக்கு ஒரு நற்செய்தி: சேற்றுக்கு விலைப்பட்டியல் படிக்கத் தெரியாது. அது பார்ப்பதெல்லாம் டயரில் புடைத்து நிற்கும் பட்டன்களின் உயரத்தையும் இடைவெளியையும்தான். பட்டன் நெருக்கமாக இருந்தால், பத்தாயிரம் ரூபாய் டயரும் இடுக்கெல்லாம் களிமண்ணை அப்பிக்கொண்டு வழவழவென்று ஆகிவிடும். உயரமாக, தள்ளித்தள்ளி நிற்கும் பட்டன் சுழலும்போதே சேற்றை உதறிவிடும். அதில் கொஞ்சம் உங்கள் முகத்துக்கும் வரும். அகல டயர்தான் கெத்து என்பவர்கள், ஃபிரேமுக்கும் டயருக்கும் நடுவே விரல் நுழைகிறதா என்று பார்க்கட்டும். நுழையாவிட்டால் சேறு அடைத்துச் சைக்கிள் உங்கள் மேல் சவாரி செய்யும். காசு ஒரு டயருக்குத்தான் என்றால் முன்சக்கரத்துக்கே போடுங்கள்: பின்னால் வழுக்கினால் வேடிக்கை, முன்னால் வழுக்கினால் மாவுக்கட்டு. காற்றை 30 பிஎஸ்ஐயிலிருந்து 25-க்கு இறக்கினாலே பிடிமானம் கூடும். இதற்குக் காசே கிடையாது. அதனாலோ என்னவோ, விளம்பரத்தில் வருவதில்லை.