ஆறு குதிரைகளின் கனைப்பு

2024 மஸ்டாங் ஜிடி காரில் ஐந்து லிட்டர், எட்டு சிலிண்டர் எஞ்சின். திறன் 480 குதிரை. மேலே காசு கட்டி, வால்வு திறந்து மூடும் எக்ஸாஸ்டையும், அதாவது புகைக்குழாயையும், சேர்த்து வாங்கினால் 486. யாரோ வயிற்றெரிச்சலில் கிளப்பிவிட்ட கணக்கல்ல இது. ஃபோர்டு கம்பெனியே சொல்வது. ஆறு குதிரை! லாயத்தில் ஏற்கெனவே நிற்கும் 480இல் பெரும்பாலானவை, அமெரிக்க நெடுஞ்சாலையின் வேக வரம்புக்குள் ஓட்டுகிறவனுக்கு ஆயுசு பூராவும் வேலையில்லாமல் கொள்ளு தின்றுகொண்டிருக்கும். பின்னால் வந்து சேர்ந்த இந்த ஆறு மட்டும் நடுராத்திரியில் ஊரை எழுப்பிக் கனைக்கின்றன.

கம்பெனிக் கனைப்பு போதாதவர்களுக்கு வெளிச்சந்தை இருக்கிறது. போர்லா, மேக்னாஃபுளோ, ஃபுளோமாஸ்டர், கோர்சா என்று பெரிய பெரிய பெயர்கள். ஆயிரம் டாலரிலிருந்து இரண்டாயிரத்துச் சொச்சம் டாலர் வரை கொடுத்தால், புகையின் நஞ்சு முறிக்கும் கேடலிட்டிக் கன்வர்ட்டருக்குப் பின்னால் உள்ள குழாய் முழுவதையும் மாற்றித் தருவார்கள். மொழுமொழுவென்ற ஸ்டெயின்லெஸ் ஸ்டீல். காற்று தடையில்லாமல் போகுமாம், எஞ்சின் மூச்சு விடுமாம். பாவம், அதுவரை அந்த எஞ்சின் மூச்சுத் திணறிக்கொண்டு 480 குதிரையை இழுத்ததாக்கும்.

பட்டறையில் வண்டியை லிஃப்டில் ஏற்றியபின் அடியில் நின்று அண்ணாந்து பாருங்கள். இரண்டு வரிசை சிலிண்டர்களிலிருந்து இரண்டு குழாய் இறங்குகிறது. ஆளுக்கொரு கேடலிட்டிக் கன்வர்ட்டர். நடுவில் இரண்டும் சந்திக்கின்றன, ரீங்காரத்தைக் குறைக்கும் ரெசனேட்டரைத் தாண்டுகின்றன, பின் அச்சுக்கு மேலே வளைந்து ஏறி மஃப்ளருக்குள் நுழைகின்றன. எல்லாம் ரப்பர் வளையங்களில் தொங்குகிறது, அதிர்வு உள்ளே ஏறாமலிருக்க. மஃப்ளருக்குள் அறை, அறைக்குள் தடுப்பு, ஓட்டை போட்ட குழாய், இடையில் நார்ப்பஞ்சு. எந்த அலையை எந்த அலையோடு மோதவிட்டால் சத்தம் அடங்கும் என்று பல பொறியாளர்கள் உட்கார்ந்து கணக்குப் போட்ட வேலை அது. மின்ரம்பத்தை வைத்துக் கரகரவென்று இரண்டே அறுப்பு. அத்தனை பேரின் அறிவும் தொம்மென்று தரையில் விழுகிறது. மூலையில் கிடக்கும் பழைய இரும்போடு அதையும் காலால் தள்ளிவிட்டு, அந்த இடத்தில் நேர்க்குழாயைப் பற்றவைக்கிறார்கள். இதற்குப் பெயர் மேம்பாடு.

அமெரிக்க வி8 எஞ்சினின் உறுமல் அழகானதுதான், மறுக்கவில்லை. ஒவ்வொரு பக்கமும் உள்ள நான்கு சிலிண்டர்கள் சம இடைவெளியில் வெடிப்பதில்லை. இரண்டு அடுத்தடுத்து, ஒன்று தாமதித்து என்று நொண்டியடிக்கும். அந்த நொண்டல்தான் அந்தக் குடுகுடுப்பு. நல்ல மஃப்ளர் அதைக் கெடுக்காமல் அடக்கித் தருகிறது. அதை அறுத்தெறியும் நம் வீரருக்கு அடக்கம் என்றால்தான் ஆகாதே.

இன்னும் தைரியசாலிகள் கன்வர்ட்டரையும் அறுப்பார்கள். 1970ஆம் ஆண்டுத் தூய காற்றுச் சட்டத்தின் விளைவாக 1975 மாடல் வண்டிகளிலிருந்து அமெரிக்கக் கார்களுக்கு வந்த உறுப்பு அது. கார்பன் மோனாக்சைடு, நைட்ரஜன் ஆக்சைடு, எரியாத பெட்ரோல் ஆவி ஆகியவற்றைப் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூசிய தேன்கூட்டுக்குள் விட்டு நஞ்சு முறிக்கும். அதைக் கழற்றக் கூட்டாட்சிச் சட்டம் தடை விதிக்கிறது. 2021, 2022 ஆண்டுகளில் அமெரிக்கத் தெருக்களில் இந்தக் கன்வர்ட்டரைத் திருடர்கள் அறுத்துக்கொண்டு போனபோது நாடே கொதித்தது. திருடன் ராத்திரி இருட்டில் மல்லாந்து படுத்து, உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அறுத்தான், பிடிபட்டால் ஜெயில். நம் வீரர் பட்டப்பகலில், ஏசி அறையில் காப்பி குடித்தபடி, தன் வண்டியிலிருந்து அதையே காசு கொடுத்து அறுக்கச் சொல்கிறார். தெருவின் மூச்சுக்காற்றுக்கு இருவரும் செய்தது ஒன்றே. திருடனாவது வயிற்றுப்பாட்டைக் காரணம் சொல்வான்.

அறுத்த பிறகு சும்மா விடுமா? காரில் இருக்கும் கம்ப்யூட்டர் கத்தும். கன்வர்ட்டருக்குப் பின்னால் ஆக்சிஜன் சென்சார் ஒன்று காவலுக்கு இருக்கிறது. அதைக் குழாயிலிருந்து கொஞ்சம் விலக்கி வைக்க விரலளவு உலோகத் துண்டு விற்கிறார்கள். புகை சுத்தமாக வருகிறது என்று சென்சார் நம்பிவிடும். கம்ப்யூட்டர் காதில் பூ. விற்ற கடைக்காரர் பெட்டியின்மேல் ஒரு வரி ஒட்டியிருப்பார்: பந்தயக் களத்துக்கு மட்டும், பொதுச்சாலையில் பயன்படுத்தக் கூடாது. அரசாங்கத்தின் காதில் பூ. வண்டி போகும் பந்தயக் களமோ, மளிகைக் கடைக்கும் பிள்ளையின் பள்ளிக்கூடத்துக்கும் இடையே உள்ள இரண்டு மைல்.

ஒரு விஷயத்தை இங்கே நிதானமாகச் சொல்ல வேண்டும். அதிகாலையில் குளிர்ந்த எஞ்சினைக் கிளப்பியதும் அது சாதாரணத்தைவிட வேகமாகச் சுற்றும். ஏன்? கன்வர்ட்டர் சூடேறினால்தான் வேலை செய்யும். அதைச் சீக்கிரம் சூடாக்கத்தான் கம்ப்யூட்டர் எஞ்சினை அப்படி விரட்டுகிறது. கன்வர்ட்டரை அறுத்தெறிந்த வண்டியிலும், அந்த நிரலை மாற்றாதவரை, கம்ப்யூட்டர் விசுவாசமாக அதே வேலையைச் செய்யும். ஆக, விடியற்காலை ஐந்து மணிக்கு மூடியில்லாத குழாய் வழியாகத் தெரு முழுக்க முழங்கும் அந்த முழக்கம், இல்லாத ஓர் உறுப்பைச் சூடாக்க நடக்கும் வேள்வி. எழுந்து அழும் குழந்தைக்கு அதன் தாய் இதை எப்படி விளக்குவாள்?

இதற்கு மேலும் ஓர் உச்சம் உண்டு. ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும்போது எஞ்சினுக்குப் பெட்ரோல் தேவையில்லை. சாதாரண வண்டியில் பெட்ரோல் வரத்து நின்றுவிடும். நிரலை மாற்றி அப்போதும் பெட்ரோலை ஊற்றவைத்து, அதைச் சூடான குழாய்க்குள் வெடிக்கவைக்கிறார்கள். படபடவென்று சத்தம். வண்டி ஓர் அங்குலம்கூட அதனால் நகராது. பெட்ரோலின் ஒரே பயன் சத்தம். நமக்கு அது தீபாவளியை ஞாபகப்படுத்தலாம். துப்பாக்கி மலிந்த அமெரிக்காவின் ஒரு தெருவில் ராத்திரி பன்னிரண்டு மணிக்கு அந்தச் சத்தம் கேட்டால் பிள்ளையை இழுத்துக்கொண்டு ஜன்னலை விட்டுத் தள்ளிப் படுக்கிறார்கள்.

‘சரி, அந்த மனுஷனுக்கு அந்தச் சத்தம் சங்கீதம், ரசித்துவிட்டுப் போகட்டுமே’ என்று பெருந்தன்மையாகச் சொல்பவர்கள் உண்டு. ரசிக்கிறாரா? நேர்க்குழாய் போட்டு நெடுஞ்சாலையில் ஒரே வேகத்தில் போனால் வண்டிக்குள் ஓயாத ரீங்காரம் ஒன்று எழும். எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் இரண்டாயிரம் சுற்றில் ஓடும்போது மண்டையைக் குடையும். அதைத் தாங்க முடியாமல், பக்கவாட்டில் அடைத்த குழாய் ஒன்றைப் பற்றவைத்து அந்தக் குறிப்பிட்ட ஒலியை மட்டும் தின்னவைக்க மறுபடி காசு செலவழிக்கிறார்கள். ‘உள்ளே ரீங்காரம் இல்லை’ என்பதே சில கம்பெனிகளின் பெருமை. சத்தம் வாங்க ஒரு செலவு. வாங்கிய சத்தம் தன் காதில் விழாமலிருக்க இன்னொரு செலவு.

2015இல் ஃபோர்டு ஈகோபூஸ்ட் எஞ்சின் கொண்ட தன் மஸ்டாங்கில் எஞ்சின் ஒலியை ஸ்பீக்கர் வழியாக உள்ளே கூட்டிக் கொடுத்தது. ஓட்டுகிறவர் மட்டும் கேட்கலாம், ஊருக்குத் தொந்தரவில்லை. ரசிகருக்கு இதைவிட என்ன வேண்டும்? காறித் துப்பினார்கள். போலி, ஏமாற்று, அவமானம் என்றார்கள். 2022இல் டாட்ஜ் கம்பெனி சார்ஜர் டேடோனா என்ற மின்சாரக் காரைக் காட்டியது. எஞ்சின் இல்லை, புகை இல்லை, எக்ஸாஸ்ட் இருக்க நியாயமே இல்லை. ஆனாலும் பின்பக்கத்தில் பெட்டி கட்டி, ஒலியை வெளியே துப்பும் ஏற்பாடு ஒன்றைச் செய்து, அதற்கு எக்ஸாஸ்ட் என்றே பெயரும் வைத்தார்கள். 126 டெசிபல் என்று மார்தட்டினார்கள். 700 குதிரைக்கு மேல் கொண்ட தங்கள் ஹெல்கேட் பெட்ரோல் கார் போடும் சத்தத்துக்குச் சமமாம். காது வலிக்கத் தொடங்கும் எல்லை ஏறக்குறைய அங்கேதான் இருக்கிறது.

இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டும் ஸ்பீக்கர்தான், இரண்டும் பொய்தான். உள்ளே பாடும் பொய் அவமானம். வெளியே கத்தும் பொய் விற்பனைச் சரக்கு. அவர்கள் காசு கொடுத்து வாங்குவது ஒலியை அல்ல, அடுத்தவன் காதை. அந்தக் காதின் சொந்தக்காரனிடம் யாரும் விலை பேசவில்லை. அவன் மருத்துவமனையில் இரவுப்பணி முடித்து, காலையில் திரையை இழுத்துவிட்டுப் படுத்தவனாக இருக்கலாம். ஏசிக்கு வழியில்லாமல் ஜன்னலைத் திறந்து வைத்தவனாக இருக்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2018இல் ஐரோப்பாவுக்கு வகுத்த நெறியில், இரவுநேர வாகனச் சத்தத்தின் சராசரி 45 டெசிபலுக்குள் இருக்கட்டும் என்றது. கலிபோர்னியாச் சட்டம் ஒரு காரின் எக்ஸாஸ்டுக்கு 95 டெசிபல் வரை அனுமதிக்கிறது. பத்து டெசிபல் கூடினால் ஒலியாற்றல் பத்து மடங்காகும்.

மஸ்டாங்கில் 2018 முதல் ‘நல்ல அண்டைவீட்டார்’ என்றொரு வசதியும் உண்டு. ஃபோர்டின் உயர் பொறியாளர் ஒருவர் காலையில் தன் காரைக் கிளப்பிய சத்தத்துக்குப் பக்கத்து வீட்டார் போலீசைக் கூப்பிட, அதிலிருந்து பிறந்த யோசனையாம். எந்த மணியிலிருந்து எந்த மணிவரை அமைதியாகக் கிளம்ப வேண்டும் என்று வண்டியில் பதிந்து வைக்கலாம். 82 டெசிபல் 72 ஆகிவிடும். அதாவது சத்தம் தொந்தரவு என்று தெரியும், குறைக்க வழியும் தெரியும், ஒரு பொத்தான் போதும் என்பதும் தெரியும். தன் தெருவில் பூனைபோல் நழுவி வந்து, முனை திரும்பியதும் டிராக் என்ற நிலைக்கு மாற்றிவிட்டால் ஆயிற்று. அந்தத் தெருக்காரர்களுக்குத்தான் இவர் முகம் தெரியாதே!

நியூயார்க் மாநிலம் 2021இல் கொஞ்சம் விழித்துக்கொண்டது. சட்டவிரோத மஃப்ளருக்கான அபராத உச்சத்தை 150 டாலரிலிருந்து 1,000 டாலராக உயர்த்தியது. நியூயார்க் நகரத்தில் 85 டெசிபலைத் தாண்டும் வண்டியைப் படம் பிடிக்கும் கேமராக்கள் வந்தன. அதில் சிக்கினால் 800 டாலரில் தொடங்குகிறது அபராதம். உடனே தனிமனித சுதந்திரம் பறிபோகிறது என்று கூப்பாடு. உதிரிப்பாக வியாபாரிகளின் சங்கம் இன்னொரு பக்கம், மோட்டார் பந்தயத்தைக் காக்கும் மசோதா என்ற பெயரில், பந்தயத்துக்கு மாற்றிய வண்டிகளில் மாசுக் கட்டுப்பாட்டைக் கழற்றும் உரிமைக்காக வாஷிங்டன் படியேறியது. அடுத்தவன் தூக்கத்தின்மேல் ஏறி நின்று கொடி பிடிப்பதற்குச் சுதந்திரம் என்று பெயர் வைத்த நாள் எதுவோ!

அந்த டாட்ஜ் மின்சாரக் காரின் மீதிக் கதையையும் கேளுங்கள். மின்சார வண்டி மெதுவாகப் போகும்போது சத்தமே வராது. பார்வையற்றவர்கள் அது வருவது தெரியாமல் சாலையில் இறங்கிவிடுவார்கள். அதனால் மெல்லிய எச்சரிக்கை ஒலி ஒன்று கட்டாயம் எழுப்ப வேண்டும் என்பது அமெரிக்க விதி. 2025இல் சார்ஜர் டேடோனா கார்கள் 8,000க்கும் மேல் திரும்ப அழைக்கப்பட்டன. காரணம்? ஆம்ப்ளிஃபயரில் மென்பொருள் கோளாறு. அந்த எச்சரிக்கை ஒலி வராமல் போகக்கூடும். தெருவையே அலறவைக்கப் பெட்டி கட்டிய கம்பெனிக்கு, கண் தெரியாத ஒரு மனிதர் ஒதுங்கி நிற்க உதவும் முனகலைச் சரியாக எழுப்பத் தெரியவில்லை. தேவையான ஒரே ஒரு சத்தத்தைத் தவிர மற்றதெல்லாம் இருந்திருக்கிறது.

வண்டிக்காரரை மட்டும் திட்டிவிட்டுப் போனால் நியாயமாகாது. 1972இல் அமெரிக்க நாடாளுமன்றம் சத்தக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றியது. மக்களின் உடல்நலத்தைக் கெடுக்கும் சத்தத்திலிருந்து அவர்களைக் காப்பது நாட்டின் கொள்கை என்று அதில் எழுதியிருக்கிறது. சுற்றுச்சூழல் முகமையில் அதற்கென்று ஓர் அலுவலகமும் இருந்தது. ரீகன் ஆட்சி வந்தது. 1980களின் தொடக்கத்தில் அலுவலகத்துக்குக் காசை நிறுத்திப் பூட்டிவிட்டார்கள். சட்டத்தை ரத்து செய்யவில்லை, அந்த அளவு நேர்மைகூட இல்லை. சட்டத்தை நடத்து என்று கேட்டு 2023இல் குடிமக்கள் அமைப்பு ஒன்று அந்த முகமையின்மேல் வழக்கே போட வேண்டியிருந்தது.

எனவே வாஷிங்டன் கனவான்களே, புதிய சட்டம் எதுவும் வேண்டாம், மாநாடு வேண்டாம், ஆய்வுக் குழு வேண்டாம். இருக்கிற சட்டத்துக்குக் காசு ஒதுக்கி, பூட்டிய அந்த அலுவலகத்தைத் திறங்கள். பந்தயக் களத்துக்கு மட்டும் என்று ஒட்டி விற்ற பொருள் பொதுச்சாலையில் ஓடினால், ஓட்டியவனிடம் வசூலிப்பதைப்போல் விற்றவனிடமும் வசூலியுங்கள். வண்டிக்கார வீரரே, உங்களுக்கும் ஒரு வேண்டுகோள். 126 டெசிபல்தான் உயிர் என்றால் தாராளமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸ்பீக்கரை உள்பக்கம் திருப்பி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேளுங்கள்.